துக்கம் பதினாலு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றாவது பொய்யாக இருந்தால், நாளைக் காலை நான் முகம் கழுவப் போகிற வாவியில் முதலை வந்து என் இடது காலைக் கொண்டுபோகட்டும். வலது காலில் வாதம். அதைக் கொடுத்து முதலையை ஏமாற்ற எனக்கு மனம் இல்லை. வேண்டுமானால் சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்தும் தருவேன். இனிக் கதை.

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் தட்டையான படகுக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்று பெயர். ஆட்கள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, ஆடு, நல்ல நாட்களில் ஒரு மாப்பிள்ளையும் தோழனும், எல்லாம் அதில்தான் ஏறிப் போகும். அந்தப் பாதையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் வினாயகமூர்த்தி. ஊருக்கு மூர்த்தியர். அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. செத்தவர்களுக்குப் பாட்டு எழுதுவார்.

முப்பத்தோராம் நாள் சடங்கில் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள் அல்லவா, அதில் வருகிற பாட்டு. மூர்த்தியர் இந்தக் கரையில் முதலடியை எடுத்தாரென்றால் அந்தக் கரை தட்டுமுன் நாலடியும் முடிந்துவிடும். கச்சான் காற்று எதிர்த்து அடித்த நாட்களில் எட்டடி வரும். அந்த நாட்களில் செத்தவர்களின் குடும்பங்கள் கொடுத்து வைத்தவை.

பாட்டின் அடியில் அவருடைய பெயர் இராது. 'இங்ஙனம்: மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், உற்றார், உறவினர்' என்றுதான் இருக்கும். அதுதான் வழக்கம். எழுதியவன் தன் பெயரைப் போடுவது, முப்பத்தோராம் நாள் சோறு ஆக்கியவன் சோற்றின் மேல் தன் பெயரை எழுதி வைப்பது மாதிரி. ஒருவர் பாட்டை இன்னொரு ஊரார் பெயரை மாற்றிப் போடுவதும் வழக்கம்தான். யாராவது வந்து கோள் சொன்னால் மூர்த்தியர் சிரிப்பார்.

"செத்தது வேற ஆள். அழுகை ஒண்டுதானே. போட்டாப் போடட்டும்."

போன வருடம் பங்குனியில் அவருடைய மனைவி இராசாத்தி செத்துப்போனாள். முப்பத்தொரு வருடம் ஊராருக்கு நாலு நிமிடத்தில் எழுதிய மனிதர் மனைவிக்கு எழுத இருபத்தெட்டு நாள் எடுத்தார். பாதையை மண்டூர்க் கரையில் தட்டத் தெரியாமல் தாமரைக்குள் கொண்டுபோய்விட்ட நாளும் உண்டு. கடைசியில் வந்தது நாலடி:

*நண்டுக் கறிக்கு நாலுதரம் உப்புப் பார்த்தாய்,*
*நான்வரும் பாதைக்குக் கண்சுருக்கிக் கரைபார்த்தாய்,*
*கண்டு சிரிக்கமுன்னே கோபத்தை எடுத்துவைத்தாய்,*
*கண்ணே இராசாத்தி, ஆரிட்ட நான் பேச்சு வாங்க?*

ஒரு அட்டையில் அச்சடித்தார். அடியில் வழக்கப்படி 'இங்ஙனம்: கணவன், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், உற்றார், உறவினர்' என்று போட்டார். வேறு மாதிரிப் போடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆனியில் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் ஒரு கட்சியின் பிரதேச அமைப்பாளருக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். பத்தடி உயரம். அமைப்பாளர் வேட்டி சால்வையோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே இரண்டு புறாக்கள். காலடியில், 'நண்டுக் கறிக்கு நாலுதரம் உப்புப் பார்த்தாய்' என்று தொடங்கி, 'கண்ணே அமைப்பாளரே, ஆரிட்ட நாம் பேச்சு வாங்க?' என்று முடிந்திருந்தது. 'இங்ஙனம்: கட்சித் தொண்டர்கள்.'

மூர்த்தியர் சைக்கிளை நிறுத்தி இரண்டு தரம் வாசித்தார். அமைப்பாளர் உயிரோடு இருந்தபோது தேர்தலுக்குத் தேர்தல் பாதைக்குப் புது இயந்திரம் தருவதாகச் சொல்லிப் போனவர். அவர் கறிச்சட்டிப் பக்கம் போயிருக்கவே மாட்டார். அந்த ஒரு கிழமைக்குள் இன்னும் மூன்று இடத்தில் அந்த நாலடியைக் கண்டார். ஒன்று, பிறந்த நாளிலிருந்து மீன் மச்சம் தொடாத கந்தப்போடியாருக்கு. அன்றைக்கு மூர்த்தியர் சிரிக்கவில்லை. நேரே காத்தான்குடிக்குப் போனார்.

அங்கே நிஸ்தார் பதாகைக் கடை வைத்திருந்தான். அந்தப் பக்கத்துச் சாவுப் பதாகையில் பாதி அவனுடைய இயந்திரத்தில்தான் வெளியே வரும்.

"வாங்க மூர்த்தியண்ணன். ஆருக்கு?" என்றான். அந்தக் கடையில் சுகம் விசாரிப்பது அப்படித்தான்.

"ஒருத்தருக்கும் இல்ல. என்ட பொஞ்சாதிக்கு எழுதின பாட்டு சந்தியில தொங்குது. ஆர் குடுத்த உனக்கு?"

"எந்தப் பாட்டு?"

"நண்டுக் கறி."

"ஓ, துக்கம் பதினாலு!" நிஸ்தாரின் முகம் மலர்ந்தது. கணினியைத் திருப்பி, சாவுப் பாட்டுகளை எண் போட்டு அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினான். "இஞ்ச பாருங்க, துக்கம் ஒண்டுல இருந்து பதின்மூண்டு மட்டும் இப்ப ஒருத்தரும் கேக்கிறல்ல. பதினாலுதான் ஓடுது. அது உங்கட பாட்டா? அல்லாஹ்வே, நான் இந்தியாவில இருந்து வந்ததெண்டெல்லோ நெனச்சன்!"

"கந்தப்போடியாருக்கு நண்டுக் கறி போட்டிரிக்காய்."

"நானும் சொன்னன் அண்ணன். நண்ட எடுத்துப்போட்டுப் பருப்பெண்டு போடவா எண்டு கேட்டன். மகன் சொல்றார், பருப்பெண்டா அழுகை வருதில்லயாம்."

"அழிச்சுப் போடு மனே. அது அவட பேருக்கு மட்டும் இரிக்கட்டும்."

நிஸ்தார் நல்லவன். அந்த இடத்திலேயே அழித்தான். பிறகு கன்னத்தைச் சொறிந்தான். "நான் அழிச்சா என்ன, ஏறாவூர்ல இரிக்கி, அக்கரைப்பற்றுல இரிக்கி, எல்லாக் கடைட வட்சப்புலயும் இரிக்கி. நீங்க ஒரு வேல செய்ங்க. டவுண்ல புதுசா ஒரு கந்தோர் தொறந்திரிக்காங்க, பாட்டு எழுதுறவங்களுக்கெண்டே. போய்ச் சீல் குத்தின கடதாசி ஒண்டு வாங்கி வாங்க. அத நான் எல்லாருக்கும் அனுப்புறன். சீலக் கண்டா நம்மட ஆக்கள் நிப்பாட்டுவாங்க."

பங்குனியில் ஆண்டுத் திவசம். அதற்குள் அந்த நாலடியில் இராசாத்தியின் பெயர் ஒன்றுதான் இருக்கவேண்டும், வேறெந்தப் பெயரும் கூடாது. மூர்த்தியர் கேட்டது அவ்வளவுதான்.

கந்தோருக்குப் பெயர் 'படைப்பாளர் உரிமைப் பாதுகாப்பும் இலவசச் சட்ட உதவியும் வழங்கும் பிராந்தியப் பணியகம்'. பலகை நீளம் போதாமல் கட்டடத்தின் மூலையில் மடிந்து அடுத்த சுவருக்குப் போயிருந்தது. ஆகையால் வாவியில் வலை வீசுகிறவர்கள் அதை 'படைப்பாளர் உரிமைப் பாதுகாப்பும் இலவசச்' என்றும், தெருவால் போகிறவர்கள் 'சட்ட உதவியும் வழங்கும் பிராந்தியப் பணியகம்' என்றும் அறிந்திருந்தார்கள். இரு பகுதியாருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

உள்ளே உதவிப் பணிப்பாளர் தக்ஷாயினி இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு சான்றிதழ் தொங்கியது. மூர்த்தியர் அதைப் பார்ப்பதைக் கண்டு அவர் விளக்கினார்.

"அது எங்கட முதலாவது பதிவு, ஐயா. பாடும் மீன். எத்தனையோ நூற்றாண்டாக அந்த மீன் எங்கட வாவிக்கடியில பாதுகாப்பில்லாமப் பாடிக்கொண்டிருந்தது. இப்ப உரிமை பணியகத்தின்ட பேரில் இருக்கு. துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டுக் காது வைச்சுக் கேக்கிறதெண்டா இனி ஒரு விண்ணப்பம் போடவேணும்."

"மீன் சம்மதிச்சதா மிஸ்?"

"ஆட்சேபனை தெரிவிக்க முப்பது நாள் குடுத்தம். தெரிவிக்கேல்ல."

மூர்த்தியர் அட்டையை நீட்டினார். தக்ஷாயினி பாட்டை வாசிக்கவில்லை; அடியிலிருந்த 'இங்ஙன'த்தை விரல் வைத்து வாசித்தார்.

"இதுக்கு நிறையப் படைப்பாளர் இருக்கினமே. கணவன் ஒருவர். மக்கள் எத்தனை பேர்?"

"மூண்டு. ஆனா மிஸ், எழுதின நான்தான். அது சும்மா வழக்கத்துக்குப் போடுற."

"ஐயா, அச்சில இருக்கிறதைத்தான் நாங்கள் நம்பலாம். வாயால சொல்லுறதை நம்பினா பிறகு அச்சுக்கு என்ன மரியாதை? கூட்டு ஆக்கம். எல்லாரிட்டயும் சம்மதக் கடிதம் வேணும். பேரப்பிள்ளைகள் சிறுவர் எண்டா பாதுகாவலர் மூலம். உற்றார், உறவினருக்குக் கிராம சேவகரிட்ட உறவு உறுதிப்படுத்தி வாங்கோ. எல்லாம் மூன்று பிரதி."

நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருந்தால் அந்தப் பிரச்சினை விளங்கும். அங்கே உறவில்லாத ஆள் என்று ஒருவர் இருந்தால் அவர் பஸ் மாறி இறங்கியவர். மூர்த்தியர் பாதையிலேயே மேசை போட்டார். மண்டூருக்குப் போகிறவர்கள் இந்தக் கரையில் பேனையை எடுத்து அந்தக் கரையில் கையொப்பத்தை முடித்தார்கள். கட்டாரிலிருந்த மருமகன் பிரதீஸ் கடிதத்தில் கைநாட்டு வைத்து அனுப்பினான். கையொப்பம் வைத்தால் வங்கிக் கடனுக்கு ஆகிவிடுமோ என்று பயம். சித்தப்பா முறையான சீனித்தம்பி கையொப்பம் வைக்க மறுத்தார்.

"மூண்டாம் அடி என்ட. கோபத்த எடுத்து வைச்சது ஆரோட? என்னோட. வேலிச் சண்டையில. என்ட பேரப் போடு, மறுகா வைக்கன்."

மூர்த்தியர் தலையில் அடித்துக்கொண்டு, 'மூன்றாம் அடிக்கான கோபத்தை வழங்கியவர்' என்று எழுதினார். சீனித்தம்பியர் திருப்தியோடு வைத்தார். ஐப்பசி முடிய ஆயிரத்து நூற்றுப் பதினெட்டுக் கையொப்பம் சேர்ந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் எதற்கெதிரான முறைப்பாடு என்பதை விளக்க 'கண்ணே அமைப்பாளரே' என்ற திருட்டு வாசகத்தையும் எழுதவேண்டும் என்று பணியகம் சொல்லியிருந்தது. மூன்று பிரதி. மூர்த்தியர் கையாலேயே எழுதினார்.

கடிதக் கட்டைக் கொண்டுபோய் வைத்தபோது தக்ஷாயினி மனம் நெகிழ்ந்துபோனார். இந்தப் பணியகத்தின் வரலாற்றில் இவ்வளவு முழுமையான விண்ணப்பம் வந்ததில்லை என்றார். பிறகு அடுத்த கட்டம் இருக்கிறது என்றார்: பாட்டில் சொல்லப்பட்டவை மெய்யா, படைப்பாளரின் சொந்த அனுபவமா என்று களத்தில் பார்க்கவேண்டும். சம்பந்தப்பட்டவர் நேரில் சமுகமளித்தால் இலகு.

"அவ செத்திட்டா மிஸ். அதுக்குத்தான் பாட்டு."

"அப்ப குழு வரும்."

மார்கழி மழையில் குழு வந்தது. மூன்று பேர், ஒரு வாகனம், ஒரு தராசு. மூர்த்தியரின் மகள் அஜந்தா நண்டு வாங்கிக் கறி வைத்தாள். குழு நாலு தரம் உப்புப் பார்த்தது. நாலாம் தரம் சட்டியில் கறி இருக்கவில்லை. அறிக்கை இரண்டு கிழமையில் வந்தது: 'இரண்டு தரம் பார்த்தாலே போதுமானது என்பது குழுவின் ஏகமனதான முடிவு. நாலு தரம் என்பது மிகைப்படுத்தல். கரை பார்க்கும்போது கண் சுருக்கியமைக்கு மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை. கறி நன்று.'

"இவங்கட கண்ணுக்கு அம்மாவத் தெரியாதுப்பா," என்றாள் அஜந்தா, சட்டியைக் கழுவிக்கொண்டு. "நீங்க விடுங்க. நமக்குத் தெரியுந்தானே."

"திவசத்துக்கு முதல் கடதாசி வந்திரும் புள்ள."

அதற்கிடையில் துக்கம் பதினாலு பரந்துகொண்டிருந்தது. ஒரு கராஜ் முதலாளிக்குப் போட்டார்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியருக்குப் போட்டார்கள். ஒருவர் தன் செத்துப்போன உழவு இயந்திரத்துக்குப் போட்டார். அது ஒன்றில்தான் மூன்றாம் அடி ஓரளவு பொருந்தியிருந்தது. மூர்த்தியர் இலவசச் சட்ட உதவி கேட்டுச் சட்ட ஆலோசகர் றிஸ்வியிடம் போனார். இளம் மனிதர். கோட் போட்டிருந்தார். மின்விசிறி வேலை செய்யவில்லை.

"நான் ஒளிவு மறைவில்லாமச் சொல்றன் ஐயா," என்றார் றிஸ்வி. "இலவச உதவி, பொருளை இழந்த ஆளுக்குத்தான். உங்கட மாட்ட ஒருத்தன் கொண்டுபோனா, பட்டியில மாடு இரிக்காது. உங்கட பாட்டு உங்கட அட்டையில அப்படியே இரிக்கி. நானே வாசிச்சன். ஒரு எழுத்தும் குறையல்ல. அப்ப களவு போனது என்ன?"

"அவ."

றிஸ்வி அதைக் குறிப்பில் எழுதப் பார்த்தார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

"இன்னொண்டு," என்றார் குரலைத் தாழ்த்தி. "உங்கட பாட்டு மாதிரியே இப்ப இருநூறு பாட்டு இரிக்கி. கோர்ட்டில கேப்பாங்க, இருநூறு பேரிட்ட இரிக்கிற பொருள் எப்படி அசலாகும் எண்டு. நான் இந்தப் பதவிக்கு வந்து ரெண்டு வருஷம். ஒரு வழக்கும் தோக்கல்ல. ஏனெண்டா ஒரு வழக்கும் போடல்ல. அந்தப் பேரக் கெடுக்க வேணாம் ஐயா."

தை கடைசியில் பணியகம் 'படைப்பாளர் தினம்' கொண்டாடியது. மூர்த்தியருக்கும் அழைப்பு. முன் வரிசையில் இருத்தினார்கள். தக்ஷாயினி உரையாற்றினார்.

"அன்பான படைப்பாளர்களே! பிறர் எழுதியதை எடுத்துத் தன் பெயரில் சொல்பவன் இந்தச் சமூகத்தின் எதிரி. எமது பனி மூடிய மலைகளிலே ஆடு மேய்த்தபடி குழலூதும் எளிய கலைஞனை நினைத்துப் பாருங்கள்..."

சபை வாவிப் பக்கம் திரும்பிப் பார்த்தது. மலை எதையும் காணவில்லை. தக்ஷாயினி தடங்கலின்றி வாசித்துக்கொண்டு போனார். எமது பாராளுமன்றம் கடந்த குளிர்காலத்தில் இயற்றிய சட்டத்தையும், எமது மாட்சிமை தங்கிய அரசரையும் குறிப்பிட்டு, பலத்த கைதட்டலுக்கிடையே அமர்ந்தார். பிறகு மூர்த்தியரிடம் வந்து, "பேச்சு எப்படி, ஐயா? நானே கணினியில தேடிக் கண்டுபிடிச்சன்," என்றார்.

மாசியில் கடிதம் வந்தது. சீல் இருந்தது. மூர்த்தியர் அதைப் பாதையில் வைத்தே உடைத்தார்; பயணிகள் சுற்றி நின்றார்கள். கந்தோர்த் தமிழ் ஒருவருக்கும் விளங்கவில்லை. மறுநாள் கந்தோருக்குப் போனார்.

"நல்ல செய்தி, ஐயா," என்றார் தக்ஷாயினி. "உங்கட பாட்டு காப்பாற்றப்பட்டிட்டு. ஆயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பேருக்குச் சொந்தமான ஆக்கத்துக்கு உண்மையில சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை எண்டு மேலிடம் தீர்மானிச்சிருக்கு. அநாதைப் படைப்பு. பணியகமே தத்தெடுத்துப் பதிஞ்சிட்டு."

"அப்ப வேற ஆக்கள்ட பேரப் போட ஏலாதா?"

"ஏலவே ஏலாது. பதிஞ்ச வாசகத்தில ஒரு சொல் மாத்தினாலும் குற்றம். எல்லாக் கடைக்கும் கடிதம் போயிட்டு."

மூர்த்தியர் கையெடுத்துக் கும்பிட்டார். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. படியிறங்கப் போனவரைத் தக்ஷாயினியின் குரல் பிடித்தது.

"பதிவுக்குத் தெளிவான பிரதி வேணுமெண்டாங்க. உங்கட அட்டை சின்னது, எழுத்தும் மங்கல். சந்தியில இருந்த பதாகைதான் பெரிசு. அதைத்தான் படமெடுத்து இணைச்சனாங்கள்."

ஆகவே மூர்த்தியர் கேட்டபடியே எல்லாம் நடந்தது. அந்த நாலடியில் இனி ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்.

திவசத்துக்கு அட்டை அடிக்க நிஸ்தாரிடம் போனார். நிஸ்தார் எழுந்து நின்றான். பணியகத்தின் கடிதம் இயந்திரத்தில் ஒட்டியிருந்தது.

"அண்ணன், 'அமைப்பாளரே' எண்டு போட்டா இப்பவே அடிச்சுத் தாறன். 'இராசாத்தி' எண்டு போட்டா இயந்திரத்தக் கொண்டுபோயிருவாங்க. மத்தவனெல்லாம் நிப்பாட்டிட்டான். நான்தான் உங்கள அனுப்பினன்..." அவன் கதிரையை இழுத்துப் போட்டான். "பிலேன் ரீயாவது குடிச்சிட்டுப் போங்க."

மூர்த்தியர் விசேட அனுமதிக்கு விண்ணப்பம் போட்டார். 'அமைப்பாளர் என்ற சொல்லை இராசாத்தி எனத் திரிப்பது மூலப் படைப்பின் கண்ணியத்துக்கு இழுக்கு' என்று பதில் வந்தது. மூன்று பிரதி.

பங்குனியில் திவசம் நடந்தது. அட்டையில் இராசாத்தியின் படமும் திகதியும் 'இங்ஙன'மும் இருந்தன, நடுவில் வெள்ளை. வந்தவர்கள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். பந்தல் நிறைந்திருந்தது. உறவினர் என்று கையொப்பம் வைத்தவர்கள் வராமல் இருக்க முடியுமா?

"அப்பா, வாயால சொல்லுங்க," என்றாள் அஜந்தா. "வாய்க்குச் சீல் இல்லத்தானே."

மூர்த்தியர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். முதல் அடி வந்தது. சமையல் பக்கம் நின்ற பெண்கள் முன்னுக்கு வந்தார்கள். இரண்டாம் அடி வந்தது. மூன்றாம் அடிக்குச் சீனித்தம்பியர் தலை குனிந்தார். நாலாம் அடி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட தாளில் அவர் கைப்பட எழுதிப் பழகியபடியே வந்தது.

"கண்ணே அமைப்பாளரே..."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாதக்கணக்காக எல்லாச் செத்த வீட்டிலும் அந்த இடத்தில் அழுது பழகிய பெண்கள் அந்த இடத்தில் அழுதார்கள். அஜந்தா மட்டும் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். மூர்த்தியர் திருத்திச் சொல்ல வாயைத் திறந்தார். இரண்டு தரம் திறந்தார். பிறகு பாயில் இருந்துகொண்டார்.

இலங்கைச் சட்டப்படி ஒரு பாட்டு எழுதி முடிந்த கணமே அது எழுதியவனுக்குச் சொந்தம். அதற்குப் பதிவு தேவையில்லை, பதிப்புரிமையைப் பதிகிற கந்தோர் என்று ஒன்று இந்த நாட்டில் எங்கும் கிடையாது. நாளைக் காலை நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொள்கிறேன்.